பழைய மின்சார கார்: டேஷ்போர்டு சொல்லாத கணக்கு

கேள்வி: வீடு சேலம் அஸ்தம்பட்டியில், வேலை ஏற்காட்டில் ஒரு பள்ளியில். தினமும் பஸ்ஸில் மலையேறி இறங்கி முதுகு வலி வந்துவிட்டதால் பழைய மின்சார கார் ஒன்று பார்க்கிறேன். தரகர் இரண்டு காட்டினார். ஒன்று 2021 டாடா நெக்ஸான், 58,000 கி.மீ. ஓடியது, ஆறே முக்கால் லட்சம். மற்றொன்று ஒன்றரை வயதே ஆன எம்.ஜி. விண்ட்சர், நம்ப முடியாத அளவுக்கு விலை குறைவு. நெக்ஸான் முழு சார்ஜில் 240 கி.மீ. காட்டுகிறது. ‘பேட்டரி கல் மாதிரி இருக்கிறது, நாளைக்கே முன்பணம் கொடுங்கள், கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கிறது’ என்கிறார். எதைப் பார்த்து முடிவு செய்வது? – ஓர் ஆசிரியை

பதில்: முதலில் அந்த முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். ‘வேறு ஆள் வருகிறது’ என்று சொல்லாத தரகரை என் இத்தனை வருடப் பட்டறை வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. வருகிறவர் வாங்கிக்கொண்டு போகட்டும். சேலத்தில் வேறு கார் கிடைக்கும்.

இப்போது அந்த 240-ஐ எடுத்துக்கொள்வோம். அது பேட்டரியை அளந்து சொன்ன எண் இல்லை. கடைசி சில நாட்கள் கார் எப்படி ஓட்டப்பட்டதோ அதை வைத்துக் காரே போட்டுக்கொள்ளும் உத்தேசக் கணக்கு. ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓமலூர் சாலையில் நாற்பது கி.மீ. வேகத்தில் இரண்டு நாள் உருட்டினால் களைத்துப்போன பேட்டரிகூட அழகான எண்ணைக் காட்டும். அதே காரில் ஒருமுறை ஏற்காடு ஏறினால் மேலே போய்ச் சேரும்போது அந்த எண் மளமளவென்று விழுந்திருக்கும். இரண்டையும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சார்ஜ் சதவீதமும் அப்படித்தான். பேட்டரியை வீட்டுத் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வருடம் ஆக ஆகத் தொட்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. சுருங்கிய தொட்டி நிறைந்தாலும் ‘நூறு சதவீதம்’ என்றுதான் காட்டும். தொட்டி எவ்வளவு பெரியது என்பதே நமக்கு வேண்டிய கேள்வி. அதை உங்கள் வீட்டிலேயே ஓரளவுக்கு அளந்துவிடலாம்.

அந்த 2021 நெக்ஸானின் பேட்டரி, புதிதாக இருந்தபோது 30.2 யூனிட் கொள்ளளவு. காரை ஒரு மாலை உங்கள் வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். சார்ஜ் முப்பது சதவீதத்தில் இருக்கட்டும். வீட்டு மின்வாரிய மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். ‘கே.டபிள்யூ.எச்.’ (அதுதான் யூனிட்) என்ற குறியோடு வருவதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் போடுங்கள். ஏ.சி., மோட்டார், ஹீட்டர் எதுவும் ஓடக் கூடாது. ஃபிரிட்ஜும் மின்விசிறியும் எத்தனை யூனிட் இழுக்கும் என்பதை முந்தைய இரவே பார்த்து வைத்துக் கழித்துவிடுங்கள். ஆறேழு மணி நேரத்தில் தொண்ணூறு சதவீதம் வந்துவிடும். மறுபடி மீட்டரைப் பாருங்கள். அறுபது சதவீதம் ஏறியிருக்கிறது என்றால், புதிய பேட்டரியாக இருந்தால் உள்ளே சுமார் 18 யூனிட் போயிருக்க வேண்டும். வழியில் சூடாகி வீணாவதையும் சேர்த்தால் மீட்டர் 20, 21 காட்ட வேண்டும். 19 என்றால் இந்த வயதுக்கு அது இயல்புதான். 17-க்கு வந்துவிட்டது என்றால் தொட்டி நன்றாகவே சுருங்கியிருக்கிறது. அதற்கும் கீழே என்றால் காரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஒரே இரவுக்குக்கூடக் காரை விட்டுவைக்க மாட்டேன் என்று தரகர் சொன்னால் அதுவே உங்களுக்குப் பதில். இரவு விட்டுவைத்தாலும் மறுநாள் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்ப் பேட்டரியின் நலம் எத்தனை சதவீதம் என்று எழுத்தில் வாங்குங்கள். செல்லுக்குச் செல் வித்தியாசம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தத் தொழில்நுட்பம் உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. ‘சீராக இருக்கிறது’ என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் போதும். நலம் 85 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், ஆறே முக்கால் லட்சத்துக்கு நான் வாங்க மாட்டேன். ஒவ்வொரு சர்வீஸுக்கும் எத்தனை கி.மீ.யில் கார் வந்தது என்பதும் அங்கேயே பதிவில் இருக்கும். காரின் கி.மீ. மீட்டரைக் குறைத்து வைத்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.

பேட்டரி உத்தரவாதம் இந்தக் காருக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது, முதல் பதிவு நாளிலிருந்து எண்ண வேண்டும். ஆக 2029 வரைதான். பள்ளி நாட்களுக்கு மட்டும் ஓட்டினால் உங்களுக்கு வருடம் பதின்மூன்றாயிரம் கி.மீ.தான் ஆகும். கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போதே வருடம் முடிந்துவிடும். அந்தக் கணக்கோடு விலை பேசுங்கள். ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று சில புதிய கார்களுக்கு விளம்பரம் வருகிறது. அது முதல் உரிமையாளருக்கு மட்டும். பெயர் மாறினால் சுருங்கிவிடும். தரகர் இந்த இரண்டாம் பாதியைச் சொல்ல மாட்டார்.

அடுத்து, அந்த விண்ட்சர். விலை ஏன் அவ்வளவு குறைவு என்று கேட்டீர்களா? 2024 செப்டம்பரில் அந்தக் கார் வந்தபோதே இரண்டு விதமாக விற்றார்கள். ஒன்று, பேட்டரியோடு சேர்த்து முழு விலை. மற்றொன்று, பேட்டரி இல்லாமல் காருக்கு மட்டும் 9.99 லட்சம், பேட்டரிக்கு ஓடும் ஒவ்வொரு கி.மீ.க்கும் மூன்றரை ரூபாய் வாடகை. உங்களுக்குக் காட்டிய கார் இரண்டாவது வகையாக இருந்தால் தரகர் சொல்லும் விலையில் பேட்டரியே இல்லை. தினம் 60 கி.மீ. ஓட்டினால் 210 ரூபாய், மாதம் 22 பள்ளி நாளுக்கு 4,620 ரூபாய் வாடகை தனியாகப் போகும். சார்ஜ் செய்யும் கரண்ட் செலவு வேறு. பழைய உரிமையாளர் பாக்கி வைத்திருந்தால் அந்தத் தலைவலியும் காரோடு சேர்ந்து வரும். திட்டத்தை நான் குறை சொல்லவில்லை, தெரிந்து சேருகிறவருக்கு அது சரிப்படும். தெரியாமல் தலையில் கட்டப்படுவதைத்தான் சொல்கிறேன். முதலில் வாங்கியபோது போட்ட விலைப் பில்லைக் கேளுங்கள். பேட்டரிக்குத் தனி ஒப்பந்தம் இருந்தால், அந்த ஒப்பந்தம் போட்ட நிறுவனம் எழுத்தில் ‘பாக்கி இல்லை’ என்று சொல்லும்வரை அந்தக் காரைத் தொடாதீர்கள்.

தரகர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். போன மாதம் ஒரு நெசவுப் பட்டறைக்காரர் என்னிடம் வந்தார். பழைய மின்சார காருக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று சொல்லி, முழு விலைக்கும் வரி போட்டு அவரிடம் ஒன்றேகால் லட்சம் கேட்டிருக்கிறார்கள். வரி 18 சதவீதம் என்பது உண்மை. ஆனால் அது வியாபாரி வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையில் உள்ள லாபத்துக்கு மட்டும். ஆறு லட்சத்துக்கு வாங்கி ஆறே முக்கால் லட்சத்துக்கு விற்றால் 75,000-க்குத்தான் வரி, அதாவது 13,500 ரூபாய். ஒரு தனி மனிதரிடம் நேரடியாக வாங்கினால் அதுவும் கிடையாது. உங்கள் தரகர் ஜி.எஸ்.டி. பதிவே இல்லாமல் கமிஷனுக்கு விற்பவராக இருந்து வரி என்று பணம் கேட்டால், அது நேராக அவர் பைக்குத்தான் போகும்.

2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. படிவம் 29பி என்று கேளுங்கள். நான் கேட்டுப் பார்த்தவர்களில் எடுத்துக் காட்டியவர் ஒருவரும் இல்லை. விதியை எழுதினார்கள், யார் வந்து சோதிக்கிறார்கள்? பழைய உரிமையாளரிடம் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ நிரப்பாமலே கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று கை மாறிய பிறகும் ஆர்.சி.யில் முதல் ஆள் பெயரே இருக்கும் வண்டிகள் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. விற்கிறவரை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். ஆர்.சி.யில் கடன் பதிவு இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் தளத்தில் பாருங்கள். நம்பர் பிளேட்டையும் பாருங்கள்: பச்சையில் வெள்ளை எழுத்து சொந்த உபயோகம், பச்சையில் மஞ்சள் எழுத்து வாடகை வண்டி. வாடகைக்கு ஓடி, பிறகு சொந்த வண்டியாக மாற்றிய கார்கள் பெரும்பாலும் வேகச் சார்ஜரிலேயே வாழ்ந்தவை. பெங்களூரிலிருந்து வந்ததென்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். சென்னைப் பதிவு என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்றதா என்று பார்க்க வேண்டும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, டிக்கி விரிப்புக்கு அடியில் வண்டல், சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் அடியில் கறை, இவை பொய் சொல்லாது.

பெயர் மாற்றத்தின்போது ஆர்.டி.ஓ. அலுவலகம் சேஸிஸ் எண்ணைப் பார்க்கும், இன்சூரன்ஸைப் பார்க்கும். காரின் விலையில் பெரும் பங்கான பேட்டரியைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் மின்சார கார் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே ஓர் ஆசிரியை மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. எனக்கு இது கோபம் வரும் விஷயம்.

மீட்டர் சோதனை தேறினால் மலைச் சோதனை. ஏ.சி. போட்டு, தரகரையும் இன்னும் இருவரையும் ஏற்றிக்கொண்டு அஸ்தம்பட்டியிலிருந்து புறப்படுங்கள். சுமார் 1,200 மீட்டர் ஏற்றம், 20 கொண்டை ஊசி வளைவுகள். இந்தக் கார் மேலே ஏற்காடு ஒண்டிக்கடை சந்திப்பு போய்ச் சேர ஒன்பது, பத்து யூனிட் எடுக்கும், அதாவது முப்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. நாற்பதைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். இறங்கும்போது கார் தானே மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். அடிவாரத்துக்கு வரும்போது சார்ஜ் சில சதவீதம் கூடியிருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் கார் தணிய வேண்டும்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு. மலையில் குடியிருப்பவர்கள் இதைக் கேட்டு அடிக்கடி வருகிறார்கள். பேட்டரி நிறைந்திருந்தால் அந்த இழுவை இருக்காது. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்ற முடியாது அல்லவா? ஏற்காட்டில் இரவு முழுக்க நூறு சதவீதம் சார்ஜ் செய்துவிட்டுக் காலையில் இறங்கினால், முதல் சில வளைவுகளில் கார் இழுத்துப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து சூட்டு வாடை அடிக்கும். இது கோளாறு இல்லை. மேலே இருப்பவர்கள் எண்பத்தைந்தோடு நிறுத்திக்கொண்டு இறங்க வேண்டும். நீங்கள் கீழே இருப்பதால் நூறு வைத்துக்கொண்டே ஏறலாம். இந்த வகைப் பேட்டரிக்கு அவ்வப்போது நூறு வரை ஏற்றுவது நல்லதும்கூட. ஆனால் பள்ளியில் சார்ஜ் போட்டால் எண்பத்தைந்து கணக்கை மறக்காதீர்கள். சோதனை நாளில் மேலே போனதும் ‘கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொள்வோம்’ என்று தரகர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இழுவை குறைந்த காரில் அந்தச் சாக்கைச் சொல்லித் தப்பிக்க வழி இருக்கிறது.

மற்றவை சின்ன விஷயங்கள். டயர் நான்கும் சமமாகத் தேய்ந்திருக்கிறதா, காருக்கு அடியில் பேட்டரிப் பெட்டியில் கல் அடித்த நசுங்கல் இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். சாதாரண 12 வோல்ட் பேட்டரி பழையதென்றால் மாற்றித்தரச் சொல்லுங்கள், அது படுத்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் கிளம்பாது. சார்ஜ் கேபிளும் இரண்டு சாவியும் கைக்கு வர வேண்டும். உங்கள் வீட்டு எர்த்திங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்; அது சரியில்லாமல் கார் சார்ஜ் ஏறாமல் நின்றால், பழி வீணாகக் காரின் மேல் விழும்.

எல்லாம் தேறினால் ஆறேகால் லட்சத்திலிருந்து பேசத் தொடங்குங்கள். பணத்தை வங்கி வழியாக, ஆர்.சி.யில் பெயர் இருப்பவரின் கணக்குக்கே அனுப்புங்கள். கடைசி ஐம்பதாயிரத்தை உங்கள் பெயரில் ஆர்.சி. வந்த பிறகு கொடுங்கள்.