சோடியம் வள்ளல் அல்ல

வாசகர் கேள்விகளுக்கு, கடலூர் முதுநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "சோடியம் ஒரு எலக்ட்ரானை இழந்தால் பிளஸ் ஆகிவிடும்" என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். இழந்தால் மைனஸ்தானே ஆக வேண்டும் என்று கேட்டேன். "பரீட்சைக்கு இப்படித்தான் அம்மா" என்கிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பதில் மகளுடையது சரி. கேள்வி உங்களுடையதுதான் நல்ல கேள்வி. அந்தக் குறி லாப நட்டக் கணக்கு அல்ல. பொங்கல் விளையாட்டில் கயிறு இழுப்பதைப் பார்த்திருப்பீர்களே. சோடியம் அணுவில் ஒரு பக்கம் பிளஸ் மின்சுமை கொண்ட 11 புரோட்டான், எதிர்ப்பக்கம் மைனஸ் மின்சுமை கொண்ட 11 எலக்ட்ரான். கயிறு அசையாது. எலக்ட்ரான் அணியில் ஒருவர் கழன்றுவிட்டால், புரோட்டான் அணியின் கை ஓங்கிவிடும். அதைத்தான் பிளஸ் சொல்கிறது. மின்சாரத்துக்குப் பிளஸ், மைனஸ் என்று பெயர் வைத்தவர் 18ஆம் நூற்றாண்டின் பெஞ்சமின் பிராங்க்ளின். எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டுபிடித்தது 1897இல்தான்; அதற்கு மைனஸ் பக்கம் வாய்த்துவிட்டது. பிராங்க்ளின் மாற்றி வைத்திருந்தால் நீங்கள் எனக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. "சோடியம் தன் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது, குளோரின் வாங்க விரும்புகிறது" என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்போம். நானும் வேலையில் இருந்தவரை அப்படியே சொன்னேன். கல்யாணப் பேச்சு மாதிரி இருப்பதால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் அது பொய். சோடியம் எதையும் மனமுவந்து கொடுப்பதில்லை. பிடுங்கத்தான் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். சோடியமும் குளோரினும் சேர்ந்ததுதான் சமையல் உப்பு. 58.5 கிராம் உப்புக்கு வேண்டிய சோடியம் அணுக்கள் தனித்தனியே வாயுவாக இருக்கின்றன என்று வையுங்கள். அவற்றின் கடைசிக் கூட்டிலுள்ள ஒற்றை எலக்ட்ரானைப் பிடுங்க ஏறக்குறைய 496 கிலோஜூல் ஆற்றல் செலவாகும். அந்த எலக்ட்ரான்களைக் குளோரின் அணுக்கள் ஏற்றுக்கொள்ளும்போது 349 கிலோஜூல்தான் திரும்ப வரும். 147 துண்டு விழுகிறது. இரண்டு பேரும் ஆசைப்பட்டார்கள் என்றால் இந்த நட்டம் எதற்கு?

நட்டத்தை அடைப்பது கூட்டம். பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றையொன்று இழுத்து, ஒவ்வொரு சோடியம் அயனியைச் (எலக்ட்ரானை இழந்தோ வாங்கியோ மின்சுமை பெற்ற அணுவுக்கு அயனி என்று பெயர்) சுற்றி ஆறு குளோரைடு (எலக்ட்ரானை வாங்கிய குளோரின்), ஒவ்வொரு குளோரைடைச் சுற்றி ஆறு சோடியம் என்று அடுக்கிக்கொள்கின்றன. அப்போது வெளியேறுவது சுமார் 787 கிலோஜூல். கடன் போக மிச்சம் ஏராளம். உங்கள் மகளிடம் கல்லுப்பு ஒன்றைக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். அதன் சதுர முகங்களில் தெரிவது அந்த அடுக்குதான்.

கேள்வி: சோடியம் தண்ணீர் பட்டால் எரியும், குளோரின் நச்சு வாயு. இரண்டும் சேர்ந்ததை நாம் எப்படிச் சாப்பிடுகிறோம்?
– ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: எரிவது சோடியம் அணு. சோற்றில் இருப்பது சோடியம் அயனி. மண்ணெண்ணெயிலிருந்து எடுத்துக் கத்தியால் நறுக்கினால் சோடியம் வெள்ளி போல மின்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கும். ஒருமுறை ஆய்வகத்தில் பட்டாணி அளவுத் துண்டு ஒன்று கைதவறித் தொட்டித் தண்ணீரில் விழுந்து, என் புருவத்தில் பாதியைக் கொண்டுபோனது. அத்தனை ரகளையும் அந்த ஒற்றை எலக்ட்ரானால். அது போய்விட்டால் சண்டைக்கு ஆள் இல்லை. குளோரினுக்கோ வாங்க வேண்டியதை வாங்கியாகிவிட்டது.

கேள்வி: எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. காலையில் பார்த்தால் குடத்தின் அடியில் செம்பழுப்பு வண்டல். டீ போட்டால் கறுக்கிறது. யாராவது எதையாவது கலக்கிறார்களா?
– ஒரு குடும்பத்தலைவி, கடலூர் முதுநகர்

பதில்: பக்கத்து வீட்டாரைச் சந்தேகிக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் இரும்புக்கு உரியவை. பூமிக்கு அடியில் காற்று படாத இடத்தில் இரும்பு இரண்டு எலக்ட்ரானை மட்டும் இழந்த அயனியாக இருக்கிறது. 26 புரோட்டானுக்கு 24 எலக்ட்ரான். அது தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். குடத்துக்கு வந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் இன்னும் ஒன்றைப் பிடுங்கிவிடுகிறது. மூன்றை இழந்த இரும்பு தண்ணீரில் கரையாமல் துருவாக அடியில் இறங்கிவிடுகிறது.

டீ கறுப்பதும் அதே இரும்பால்தான். தேயிலையின் துவர்ப்போடு அது சேர்ந்தால் கறுப்பு. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து மை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. ஆக, நீங்கள் தினமும் காலையில் கொஞ்சம் மை குடிக்கிறீர்கள்.

தண்ணீரை உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக வாளியில் ஊற்றிக் காற்றாட விடுங்கள். இரவு முழுக்கத் தெளியவைத்து, கழுவிய மணலில் வடிகட்டுங்கள். குடிப்பதற்கு முன் ஒருமுறை பரிசோதனைக்கும் கொடுங்கள். வெள்ளை வேட்டியை மட்டும் வடிகட்டாத தண்ணீரில் நனைக்காதீர்கள்.