அம்மாவைக் கொன்ற அப்பா சிறையில்; "நானும் அவர் மாதிரி ஆயிடுவேனா?" என்று கேட்கும் 15 வயது அக்கா மகனுக்கு என்ன சொல்வது?

"சீச்சீ, அப்படியெல்லாம் பேசாதே" என்று அந்தக் கேள்வியை மூடிவிடாதீர்கள். பயம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். கொலைக்கென்று ஒரு மரபணு கிடையாது, கோபம் எல்லோருக்கும் வரும் என்று நேராகச் சொல்லுங்கள். வீட்டில் முதலில் நிற்க வேண்டியது, "அப்பனைப் போலவே முறைக்கிறான்" என்ற பேச்சு. இந்த வயதில் எந்தப் பையனும் கதவை அறைந்து சாத்துவான். இவன் சாத்தினால் மட்டும் பெரியவர்கள் முகம் மாறுகிறது. அதை அவன் கவனிக்கிறான், நம்பவும் தொடங்குகிறான்.

அப்பா மேல் இன்னும் பாசம் இருக்கலாம். அது அம்மாவுக்குச் செய்யும் துரோகமல்ல என்று நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிறைக்குப் போய்ப் பார்க்க வற்புறுத்தாதீர்கள். கடிதம் வந்தால் கிழிக்காமல் எடுத்து வையுங்கள், எப்போது பிரிப்பது என்பதை அவன் முடிவு செய்யட்டும்.

பள்ளியில் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர் இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். வழக்கில் சாட்சியாகவோ பாதிக்கப்பட்டவராகவோ உள்ள சிறாரின் பெயர், படம், பள்ளி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன்படி குற்றம்.

அக்காவின் சொத்தையும் கவனியுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 25-இன்படி, கொன்றவர் கொல்லப்பட்டவரின் சொத்தில் பங்கு பெற முடியாது; பிள்ளையின் உரிமை அப்படியே இருக்கும்.

தூக்கமில்லாமல் தவித்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அன்றே 14416-ஐ அழையுங்கள். மனநல ஆலோசனை இலவசம், 24 மணி நேரமும் கிடைக்கும். பாதுகாப்பு, பராமரிப்பு உதவிக்கு 1098.