தாய்லாந்தை விட்டு ஏன் விலகுகிறார்கள்? கேள்வியும் பதிலும்

வணக்கம். பாங்காக்கில் சுற்றுலா ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கிறேன். இந்தியக் குடும்பங்கள் ஒரு பக்கம், இங்கேயே தங்கிவிட்ட ஐரோப்பிய ஓய்வூதியர்கள் இன்னொரு பக்கம் என்று இரு சாராரோடும் பழக்கம். 2019-இல் இந்த நாட்டுக்கு ஏறத்தாழ 4 கோடி வெளிநாட்டவர் வந்தார்கள். கொரோனாவில் விழுந்த எண்ணிக்கை மெல்ல எழுந்து 2024-இல் 3.5 கோடியைத் தொட்டது. 2025-இல் மறுபடி இறங்கி 3.3 கோடி அளவில் நின்றது. அதே ஆண்டில் வியட்நாமும் ஜப்பானும் மலேசியாவும் ஏறுமுகத்தில் இருந்தன. அதையொட்டி நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கடலோரவாசி: அக்கா, பட்டாயா போய் வந்தேன். வாக்கிங் ஸ்ட்ரீட்டில் கால் வைக்க இடமில்லை. கூட்டம் குறைந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

நீங்கள் பார்த்த கூட்டத்தில் நம்மவர்களே நிறையப் பேர் இருந்திருப்பார்கள். 2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்றான பிறகு நம் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. 2025-இல் 25 லட்சத்தை நெருங்கியது. குழி விழுந்தது சீனாவின் பக்கம். 2019-இல் சீனாவிலிருந்து மட்டும் சுமார் 1.1 கோடிப் பேர் வந்தார்கள்; 2024-இல் 67 லட்சம்; 2025-இல் 45 லட்சம் அளவுக்குச் சுருங்கி, முதலிடம் மலேசியாவுக்குப் போனது. சீனப் பேருந்துக் குழுக்களை நம்பிக் கட்டிய பெரிய சாப்பாட்டு மண்டபங்களுக்குள் போய்ப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

வைகைக்கரையான்: சீனர்களுக்கு அப்படி என்ன கோபம்?

முதலில் பயம். 2025 ஜனவரியில் வாங் ஷிங் என்ற சீன நடிகர், பட வாய்ப்பு என்று நம்பி பாங்காக்கில் வந்து இறங்கினார். அவரை எல்லையோர ஊரான மே சோட்டுக்குக் கூட்டிப்போய், ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவடியில் இருக்கும் இணைய மோசடிக் கூடத்தில் தள்ளிவிட்டார்கள். அவருடைய காதலி சமூக ஊடகத்தில் எழுதிய பிறகுதான் விஷயம் வெடித்தது. சில நாளில் மீட்டார்கள். ஆனால் மொட்டையடித்த தலையோடு அவர் நின்ற படம் சீனா முழுக்கப் பரவியது. சீனப் புத்தாண்டு விடுமுறைக்குச் செய்திருந்த முன்பதிவுகள் மளமளவென்று ரத்தாயின. மார்ச் 28-இல் மியான்மர் நிலநடுக்கத்தில் பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த ஓர் அரசுக் கட்டடம் சரிந்தது. ஜூலையில் கம்போடியாவுடன் எல்லையில் சண்டை. அடி மேல் அடி.

ஆனால் பயம் மட்டும் ஒரு நாட்டை ஒதுக்க வைக்காது என்பது என் எண்ணம். 2004-இல் சுனாமி, 2008-இல் போராட்டக்காரர்கள் சுவர்ணபூமி விமான நிலையத்தையே பிடித்துக்கொண்ட கூத்து, 2014-இல் ராணுவப் புரட்சி, 2015 ஆகஸ்டில் எரவான் பிரம்மா சன்னதியில் 20 உயிரைப் பறித்த குண்டு. எல்லாவற்றையும் தாண்டி ஆட்கள் வந்தார்கள். புரட்சி நடந்த 2014-இல் 2.48 கோடிப் பேர். குண்டு வெடித்த 2015-இல் 2.99 கோடிப் பேர்!

மனம் விட்டுப்போவது வேறு இடத்தில். 2018 ஜூலையில் புகெட் அருகே ஃபீனிக்ஸ் என்ற படகு கவிழ்ந்து சீனப் பயணிகள் 47 பேர் இறந்தார்கள். அப்போதைய துணைப் பிரதமர் பிராவித், சீனர்கள் தங்கள் ஆட்களுக்குத் தாங்களே செய்துகொண்டது என்ற பொருளில் பேசிவிட்டார். படகை நடத்தியதில் சீன முதலீடு இருந்ததை மனதில் வைத்துச் சொன்னார். பிறகு மன்னிப்பும் கேட்டார். துக்க வீட்டில் பேசும் பேச்சா அது? அடுத்த மாதங்களில் சீனர் வருகை சரிந்தது. நவம்பரில், வந்திறங்கி வாங்கும் விசாவின் 2,000 பாத் (தாய்லாந்துப் பணம்) கட்டணத்தைத் தள்ளுபடி செய்து கூப்பிட வேண்டியதாயிற்று. விபத்தை மன்னிக்கிறவர்கள் அவமதிப்பை மன்னிப்பதில்லை. இதை நான் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

நெல்லைச்சாரல்: மேடம், எங்கள் குடும்ப நண்பர் ஒருவர், ஆங்கிலேயர், ஹுவா ஹினில் வெகுகாலம் இருந்தவர். இப்போது பிலிப்பைன்ஸுக்குக் குடிபோய்விட்டார். காரணம் கேட்டால் "போதும்பா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அங்கேயே நிலைத்த ஒருவர் ஏன் கிளம்ப வேண்டும்?

அவர் சொல்லாததைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2007 வாக்கில் ஒரு பவுண்டுக்கு 65 பாத்துக்கு மேல் கிடைத்தது. 2019 கடைசியில் 40 பாத் கூடத் தேறவில்லை. அவர் கையில் வாங்கும் தொகை மாறவில்லை, ஆனால் வீட்டுச் செலவுக்கு வரும் பாத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போனது. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயரும். ஆனால் தாய்லாந்து போன்ற நாடுகளில் குடியிருப்பவருக்கு அது வந்த அன்று இருந்த தொகையிலேயே உறைந்து நிற்கும். பிலிப்பைன்ஸோடு பிரிட்டனுக்கு ஒப்பந்தம் இருப்பதால் அங்கே உயர்வு கிடைக்கும். உங்கள் நண்பர் அங்கே போனது தற்செயலாக இருக்காது.

அடுத்தது காகிதம். 50 வயதுக்கு மேற்பட்டவர் ஓய்வுக்காலத் தங்கல் அனுமதி வாங்க வங்கியில் 8 லட்சம் பாத் வைத்திருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். வருமானத்துக்குத் தூதரகம் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2019 பிறந்தபோது பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா தூதரகங்கள் அதை நிறுத்திவிட்டன. அதே ஆண்டில் குடிவரவுத் துறையும் இறுக்கியது. அந்த 8 லட்சம் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்து கணக்கில் கிடக்க வேண்டும், அனுமதி கிடைத்த பின்பும் மூன்று மாதம் தொடக் கூடாது, மீதி நாட்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அதோடு 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த டி.எம்.30 படிவத்தையும் தட்டி எழுப்பினார்கள். வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் தெரிவிக்க வேண்டும் என்பது அது. தாய்லாந்துக்கார மனைவி தன் சொந்தக் கணவர் வீடு திரும்பியதை அப்போது போய்ப் பதிவு செய்ய வேண்டியிருந்தது! இதற்கு மேல் 90 நாளுக்கொரு முறை "இங்கேதான் இருக்கிறேன்" என்று தெரிவிக்கும் கடமை வேறு.

2024 ஜனவரியிலிருந்து, ஆண்டில் 180 நாள் இங்கே இருப்பவர் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரிக் கணக்குக்குள் வரும் என்று விளக்கத்தை மாற்றினார்கள். பழைய சேமிப்புக்கு விலக்கு உண்டு, இரட்டை வரி ஒப்பந்தங்களும் உண்டு. ஆனாலும் 70 வயது மனிதருக்கு அந்தச் செய்தி ஒரு திகில்தான்.

ஒவ்வொரு விதியையும் தனியே எடுத்தால் நியாயம் இருக்கிறது. எந்த நாட்டுக்கும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. ஆனால் எத்தனை வருடம் இருந்தாலும் அடுத்த வருடம் உறுதியில்லை. நிரந்தர வசிப்புரிமை ஒரு நாட்டவருக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற வரம்பு. முதுமையில் மனிதனுக்கு வேண்டியது நிம்மதி. கடற்கரை அதற்குப் பிறகுதான்.

புதுக்கோட்டை ராசா: வீடு வாங்கிப்போட்டால் பிரச்சினை தீராதா?

நிலம் வெளிநாட்டவர் பெயரில் வாங்க முடியாது. அடுக்குமாடியில் 49 விழுக்காடு வரை வெளிநாட்டவருக்கு விற்கலாம். மனையென்றால் 30 ஆண்டுக் குத்தகை. வீடு இருந்தாலும் தங்கும் அனுமதி தனி. அது வருடா வருடம் வாங்க வேண்டியதே. மனைவி பெயரிலோ தெரிந்தவர் பெயரிலோ நிலம் வாங்கி, உறவு முறிந்ததும் பெட்டியோடு தெருவில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்வாணி: இரட்டை விலை பற்றிச் சொல்லுங்கள் அக்கா. மாமல்லபுரத்தில் நாமே இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் வாங்குகிறோம். தாய்லாந்தை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

நல்ல கேள்வி. குடிமக்களுக்குச் சலுகை கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். காவ் யாய் தேசியப் பூங்காவில் தாய்லாந்து மக்களுக்கு 40 பாத், வெளியாருக்கு 400. பத்து மடங்கு, நம் பதினைந்து மடங்கை விடக் குறைவு. பாங்காக் அரண்மனை அவர்களுக்கு இலவசம், நமக்கு 500. கோயிலும் காடும் அவர்கள் வரியில் நிற்பவை, சரி.

குத்துவது அந்தப் பலகை. பல இடங்களில் வெளிநாட்டவர் விலையை நமக்குத் தெரிந்த எண்ணிலும், தாய் மக்கள் விலையைத் தாய் எழுத்து எண்ணிலும் எழுதியிருப்பார்கள். படிக்கத் தெரியாதவர் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார் என்ற நினைப்பு. மாமல்லபுரத்தில் இரண்டு விலையும் எல்லோருக்கும் புரியும்படி இருக்கிறது. இதே பழக்கம் தனியார் பூங்காக்களுக்கும் தொற்றிவிட்டது. அங்கே வரிப்பணம் என்ற நியாயமும் இல்லை. இங்கே வேலை பார்த்து வரி கட்டும் வெளிநாட்டவர் நிலைமை இன்னும் சங்கடம். தாய் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால் ஒரு வாசலில் விடுவார்கள், அடுத்த வாசலில் தலையாட்டி மறுப்பார்கள். தன் தாய்லாந்துப் பேரப்பிள்ளைகளோடு வரிசையில் நிற்கும் தாத்தாவை மட்டும் தனியே பிரித்துப் பத்து மடங்கு கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

சேலத்துச் சிங்கம்: ஜெட் ஸ்கீயில் ஏமாந்தேன். கீறலுக்கு 30,000 பாத் கேட்டார்கள். பேரம் பேசி 12,000-க்கு முடித்தேன்.

வருத்தமாக இருக்கிறது. புகெட்டிலும் பட்டாயாவிலும் இது பல காலமாக நடக்கும் வேலை. பழைய கீறலையே புதிது என்று காட்டுவார்கள். கடவுச்சீட்டை ஒருபோதும் அடமானமாகக் கொடுக்காதீர்கள். ஏறுமுன் வண்டியைச் சுற்றி, அடிப்பாகம் உட்பட, கைப்பேசியில் காணொளி எடுங்கள். தகராறு வந்தால் 1155-க்கு அழையுங்கள், அது சுற்றுலாப் போலீஸ். அரண்மனை வாசலில் "இன்று மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்" என்று டுக்டுக் (ஆட்டோ) ஓட்டுபவர் சொன்னால் நேரே வாசலுக்கு நடந்துவிடுங்கள்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ப முடியாத குறைந்த விலைக்குச் சுற்றுலா வாங்கினால் மிச்சக் காசை உங்களிடம் எங்கேயோ வசூலித்தே தீருவார்கள். ரத்தினக்கல் கடையில் ஒன்றரை மணி நேரம் இறக்கிவிடுவது அதற்காகத்தான். சீனக் குழுக்களை வைத்து இதே மாதிரி நடந்த "ஜீரோ டாலர்" சுற்றுலாக்களை 2016-இல் அரசு வேட்டையாடி, பேருந்துகளைக் கூடப் பறிமுதல் செய்தது. வேர் இன்னும் அறுபடவில்லை.

குளிர்க்காற்று: சியாங் மாய்க்கு மார்ச்சில் போகலாமா?

வேண்டாம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயல் எரிப்பு, காட்டுத் தீ, எல்லை தாண்டி வரும் புகை எல்லாம் சேர்ந்து மலைகளுக்கு நடுவில் தேங்கிவிடும். உலகிலேயே காற்று மோசமான நகரம் என்ற இடத்தை மார்ச் மாதங்களில் அது பிடித்ததுண்டு. குழந்தைகளோடு அங்கே குடியிருந்த வெளிநாட்டுக் குடும்பங்கள் கிளம்பியதற்கு இது ஒன்றே போதும். நவம்பர், டிசம்பரில் போங்கள், அருமையான ஊர்.

மண்ணின்மைந்தன்: போகிறவர்கள் போகட்டுமே. கூட்டம் குறைந்தால் அந்த நாட்டுக் கடலும் காடும் பிழைக்காதா?

பாதி ஒத்துக்கொள்கிறேன். மாயா பே கடற்கரையை 2018 ஜூனில் மூடினார்கள். பவளப்பாறை நடும் வேலை நடந்தது, கருந்துடுப்புச் சுறாக்கள் கரைக்கே திரும்பின. 2022 ஜனவரியில் படகுகள் நேரே கரையேறக் கூடாது, ஆட்களுக்கும் வரம்பு என்ற கட்டுப்பாட்டோடு திறந்தார்கள். முன்னைவிட அழகாக இருக்கிறது. இப்படித் திட்டமிட்டுக் குறைப்பதை நான் கைதட்டி வரவேற்கிறேன்.

மற்றபடி கூட்டம் தானாகக் குறையும்போது முதலில் அடிபடுவது பெரிய ஹோட்டல்காரர் இல்லை. வடகிழக்கில் இசான் கிராமத்தில் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, பட்டாயாவில் கால் பிடித்துவிட்டுப் பணம் அனுப்பும் பெண். பப்பாளிக்காய் இடித்து விற்கும் தள்ளுவண்டிக்காரி. அவர்கள் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. 2020 பிப்ரவரியில் அப்போதைய சுகாதார அமைச்சர் அனுத்தின், தான் கொடுத்த முகக்கவசத்தை வாங்காத வெள்ளைக்காரர்களை நாட்டை விட்டே விரட்ட வேண்டும் என்று கேமரா முன் கொதித்தார். பிறகு வருத்தம் தெரிவித்தார். அந்தக் கொதிப்புக்கு விலை கொடுப்பவர் அந்தத் தள்ளுவண்டிக்காரிதான் என்பதுதான் என் ஆதங்கம்.

ஊர்சுற்றி: இங்கே விட்டவர்கள் எங்கே போகிறார்கள்?

வியட்நாம் நிறைய அள்ளுகிறது. 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் இணைய விசா கொடுக்கிறார்கள். டா நாங், ஃபூ குவோக் கடற்கரைகள் புதிது, விலையும் குறைவு. யென் விழுந்ததால் ஜப்பான். சீனர்களுக்கு விசா வேண்டாம் என்றதால் மலேசியா. தாய்லாந்தும் சும்மா இருக்கவில்லை. 2024 ஜூலையில் 93 நாட்டவருக்கு விசா இல்லாமல் 60 நாள் என்றார்கள். அடுத்த ஆண்டே அதை 30-ஆகக் குறைக்கும் பேச்சு கிளம்பிவிட்டது. கொடுப்பதையும் உறுதியாகக் கொடுக்க வேண்டாமா?

அம்மாபிள்ளை: இவ்வளவையும் படித்த பிறகு கேட்கிறேன். டிசம்பரில் வயதான அப்பா அம்மாவோடு வரலாமா அக்கா?

தாராளமாக வாருங்கள் தம்பி. இந்த ஊர்க்காரர்கள் பெரியவர்களிடம் காட்டும் மரியாதையை நேரில் பார்த்தால் உங்களுக்கே பிடித்துப்போகும். டிசம்பரில் புகெட், கிராபி பக்கம் வானம் தெளிவாக இருக்கும். கோ சாமுய் பக்கம் மழை வரலாம், அதைத் தவிர்த்துவிடுங்கள். சைவம் என்றால் மீன் சாறு, சிப்பிச் சாறு இரண்டும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். "ஜே" என்று மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் அந்தக் கவலை இல்லை, வெங்காயம் பூண்டு கூடச் சேர்க்க மாட்டார்கள். பாங்காக்கில் சீலோம் சாலையில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, அம்மாவை அழைத்துப் போங்கள். 2025 மே முதல் வருகை அட்டையை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும், வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அது முழுக்க இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி. விசா விதி மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடும் முன் தாய்த் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.