சர்க்கரைக்குப் போனவன் சர்க்கரையோடு மட்டும் வந்ததில்லை

கேள்வி: அன்றாடக் குடும்பச் செலவைக் குறைக்க நீங்கள் பழகிக்கொண்ட சிக்கனப் பழக்கங்கள் என்ன? எவை உண்மையிலேயே பலன் தந்தன?

மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. அலுவலகத்தில் பத்து ரூபாய் இடித்தால் சாயங்காலம் ஏழு மணியானாலும் விடமாட்டேன். ஆனால் என் வீட்டில் மாதம் எவ்வளவு செலவாகிறது என்று நான்கு வருடத்துக்கு முன்பு யாராவது கேட்டிருந்தால் "அது ஆகுது, ஒரு இருபது இருபத்தஞ்சு" என்றுதான் சொல்லியிருப்பேன். ஐயாயிரம் ரூபாய் இடைவெளி விட்டுப் பதில் சொல்கிற கணக்குப்பிள்ளை!

வீட்டில் ஐந்து பேர். அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். பெரியவள் பத்தாம் வகுப்புக்குப் போன வருடம் டியூஷன், பஸ் என்று புதுச் செலவுகள் சேர்ந்ததும்தான் இருபதாம் தேதிக்கே கை காய ஆரம்பித்தது. அப்போதுதான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி பிரிட்ஜ் மேல் வைத்தேன். யார் எதை வாங்கினாலும் எழுத வேண்டும் என்று சட்டம். மனதுக்குள் எனக்கு ஒரு எண்ணம் இருந்தது, இப்போது சொல்வதில் வெட்கமில்லை: மனைவிதான் கூடுதலாகச் செலவழிக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், தெருமுனை மளிகைக் கடைக்கு வீட்டிலிருந்து போனது 43 தடவை. அதில் 27 தடவை போனவன் நான். "என்னங்க, கால் கிலோ சர்க்கரை வாங்கிட்டு வாங்க" என்று அவள் அனுப்புவாள். நான் சர்க்கரை, ஒரு முறுக்குப் பாக்கெட், சின்னவனுக்கு பிஸ்கட், கண்ணில் பட்டதால் ஒரு ஷாம்பு சரம், சில்லறை இல்லையென்று கடைக்காரர் நீட்டிய மிட்டாய் எல்லாவற்றோடும் திரும்புவேன். அந்த மாதம் அந்தக் கடைக்குப் போனது ஐயாயிரத்துச் சொச்சம். வாங்கப் போன பொருளுக்கு மட்டும் கணக்குப் போட்டால் மூவாயிரம்கூட வரவில்லை.

ஆகவே என் அனுபவத்தில் பெரிய பலன் தந்தது கடைக்குப் போகும் தடவைகளைக் குறைத்ததுதான். எந்தப் பொருளையும் நிறுத்தவில்லை. மாதம் ஒரு முறை பட்டியல் போட்டு கீழமாசி வீதியில் மளிகை வாங்குவோம், அவ்வளவுதான். நடுவில் சர்க்கரை தீர்ந்தால் மறுநாள் கருப்பட்டிக் காபி. இரண்டு மாதம் முனகல் இருந்தது. அப்புறம் டப்பாவில் பாதி இருக்கும்போதே பட்டியலில் எழுதிவிடும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது. இப்போது தெருமுனைக் கடைக்கு மாதம் எட்டு, பத்து தடவை போகிறோம்.

மொத்தமாக வாங்குவதிலும் நான் முட்டாள்தனம் செய்தேன். விலை குறைகிறதே என்று ரவை ஐந்து கிலோ, கடலை மாவு மூன்று கிலோ, கடலெண்ணெய் ஒரு பெரிய டின் வாங்கிப் போட்டேன். ரவையில் வண்டு, மாவில் புழு, எண்ணெயில் சிக்கு வாடை. "மலிவுன்னு வாங்கி வண்டுக்குச் சோறு போட்டுட்டியேடா" என்றார் அம்மா. எதைச் சேர்த்து வைக்கலாம், எதைக் கூடாது என்பது அவருக்குத் தெரியும், நான்தான் கேட்கவில்லை. புளி, மிளகாய் வற்றல், மல்லி இந்த மூன்றையும் மாசி, பங்குனியில் புதுச் சரக்கு வரும்போது ஒரு வருடத்துக்கு வாங்க வேண்டும். புளியைக் கொட்டை எடுத்து, நன்றாக வெயில் காட்டி, கல் உப்புத் தூவி ஜாடியில் அடைத்தால் அடுத்த பங்குனி வரை அசையாது. மிளகாயையும் மல்லியையும் காயவைத்து அரவை மில்லில் கொடுத்து இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திரிக்கிறோம். பாக்கெட் மசாலா வாங்குவது அறவே நின்றது. ரவை, மாவு வகையெல்லாம் ஒரு கிலோவுக்கு மேல் வாங்கக் கூடாது என்பது வண்டு கற்றுக்கொடுத்தது.

ரேஷன் கடை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அரிசி அட்டைதான். ஆனாலும் பல வருடம் சர்க்கரையைத் தவிர எதுவும் வாங்கியதில்லை. காரணம் கௌரவம், வேறென்ன. 2007-இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று கொடுக்கிறார்கள். வெளியில் பருப்பு 150-ஐத் தாண்டிப் போன நாளிலும் நாங்கள் அதை விட்டுவிட்டு, சம்பளம் பத்தவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தோம். அரிசி 2011-லிருந்து விலையில்லாமலே வருகிறது. சோற்றுக்கு எங்களுக்கு ஒத்துவரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இட்லிக்கு அருமையாக இருக்கிறது. ரேஷன் புழுங்கலரிசி மூன்று டம்ளர், கடை இட்லி அரிசி ஒரு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர், ஒரு கரண்டி வெந்தயம். அரைப்பது அதே 2011-இல் அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா கிரைண்டரில். அம்மாவுக்கு வந்தது அது. பெல்ட் இரண்டு முறை மாற்றினோம், இன்னும் ஓடுகிறது. வாரம் நான்கு பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

அடுத்தது மின்சாரம். இதில் நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு எண்: 500. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, கீழே உள்ள யூனிட்டுக்கும் கட்டணம் மாறிவிடுகிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். அந்தக் கணக்கிலேயே 530 யூனிட் என்றால் 2,190. ஆக அந்த முப்பது யூனிட்டுக்கு நாம் கொடுப்பது 465 ரூபாய், யூனிட்டுக்கு பதினைந்தரை! அதன் பிறகு கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் இந்த 500 பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. ஒரு சித்திரை வைகாசியில் எங்கள் பில் சரியாக 530 வந்தபோதுதான் உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டேன்.

விளக்கை அணை, டிவியை அணை என்று பிள்ளைகளிடம் கத்துவதால் இந்த முப்பது யூனிட் குறையாது. கத்திப் பார்த்துவிட்டேன். ஒன்பது வாட் எல்இடி பல்பை ஒரு மணி நேரம் அணைத்து எதைச் சேமிப்பது? கூடத்தில் ஓடுகிற பழைய சீலிங் ஃபேன் 75 வாட். பிஎல்டிசி என்று சொல்கிற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை ஃபேன் கிட்டத்தட்ட 30 வாட். தினம் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே 32 யூனிட் மிச்சம். எங்களுக்கு வேண்டிய முப்பதும் அதில் வந்துவிட்டது. ஃபேனுக்குக் கொடுத்த 2,800 ரூபாய் ஒரே வருடத்தில் திரும்பிவிடும் என்று மனைவியிடம் பெருமையடித்தேன். மழைக்காலத்தில் எப்படியும் 500-ஐத் தொடமாட்டோம் என்பதை மறந்துவிட்டேன். அப்போது அதே 32 யூனிட்டுக்கு மிச்சம் 150 ரூபாய் சுமார்தான். போட்ட முதல் திரும்பி வர இரண்டு வருடம் ஆனது. இருந்தாலும் நஷ்டமில்லை. இப்போது கோடையில் வாரம் ஒரு நாள் மீட்டரைப் பார்த்து நாள்காட்டித் தாளில் எழுதிவைக்கிறோம். ஏழாவது வாரத்தில் 450 ஆகிவிட்டால் அயர்ன் பாக்ஸ் பீரோவுக்குள் போய்விடும்.

சமையல் எரிவாயுவில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பருப்பை ஊறவைப்பது, பருப்பையும் சோற்றையும் ஒரே குக்கரில் அடுக்காக வைப்பது, முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைப்பது. பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் ஓட்டை அடைத்திருக்கிறது என்று அர்த்தம், கழற்றிக் கழுவ வேண்டும். சிலிண்டர் மாற்றிய தேதியைச் சுவரில் எழுதுகிறோம். முன்பு 36 நாள் வந்தது இப்போது 45 வரை வருகிறது.

காய்கறிக்கு அண்ணா நகர் உழவர் சந்தை. 1999-இல் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்தது இதுதான், எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. வாரம் இரண்டு நாள் காலையில் போவேன். பலகையில் விலை எழுதியிருப்பதால் பேரம் பேசத் தெரியாத என் போன்றவனுக்கு வசதி. ஆனால் விலை குறைவு என்பதைவிட, சமைக்கும் முறை மாறியதுதான் இங்கே லாபம். முன்பெல்லாம் "நாளைக்கு முருங்கைக்காய் சாம்பார்" என்று முடிவு செய்துவிட்டு முருங்கைக்காய் தேடுவோம், அது கிலோ நூறைத் தாண்டினாலும் சரி. இப்போது எது மலிந்து கிடக்கிறதோ அதுதான் குழம்பு. பீர்க்கங்காய் வந்தால் சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு.

கை வைக்கக் கூடாது என்று நாங்கள் முடிவு செய்தவையும் உண்டு. பிள்ளைகளின் பால், முட்டை, அம்மாவின் மாத்திரை. பாலில் தண்ணீர் கூட்டி நான் ஒரு வாரம் செய்த சிக்கனத்துக்கு மனைவி கொடுத்த மரியாதையை இங்கே எழுத முடியாது. அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை மட்டும் இப்போது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது, அதற்கு விண்ணப்பிக்கச் சொன்னதுகூடப் பக்கத்து வீட்டு அக்காதான்.

நோட்டுக்கு வருவோம். மனைவி மேல் சந்தேகப்பட்டு ஆரம்பித்தேன் என்றேன் அல்லவா? மூன்று மாதத்தில் தெரிந்தது, வீட்டில் மிக அதிகமாகக் கைச்செலவு செய்பவன் நான்தான். அலுவலக வாசலில் இரண்டு டீ, ஒரு வடை, நண்பர்களுக்கும் சேர்த்துக் கொடுப்பது என்று மாதம் 2,000 போயிருந்தது. இப்போது காலையில் பிளாஸ்க்கில் டீ கொண்டுபோகிறேன். வடையை விட முடியவில்லை, அது எழுதிவிட்டுச் சாப்பிடும் கணக்கில் ஓடுகிறது.

எனக்கு இன்னும் பிடிபடாதது செல்போன் ரீசார்ஜ். வீட்டில் நான்கு போன். மாதக் கட்டணம் என்று பெயர், ஆனால் 28 நாள்தான், அப்படிப் பார்த்தால் வருடத்துக்கு 13 தடவை. ஒரு வருடத் திட்டம் மலிவுதான், ஆனால் நான்கு போனுக்கும் ஒரே நேரத்தில் போட அந்தத் தொகை கையில் நிற்பதில்லை. மாதம் ஒரு போன் என்று வரிசையாக மாற்றலாம் என்று யோசிக்கிறேன். இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கருத்தில் சொல்லுங்கள்.