கேள்வி பதில்: காசுக் கதையை முதலில் கதையுங்கள்

வெள்ளவத்தை வாசகி: அக்கா, வீட்டில் இருந்தபடி கிராபிக் டிசைன் செய்கிறேன். மாமாவின் சிநேகிதர் ஒருவர் காலி வீதியில் புடவைக்கடை திறக்கிறார். லோகோ, பெயர்ப்பலகை, வாட்ஸ்அப்பில் அனுப்பப் போஸ்டர் எல்லாம் என்னிடம் கேட்டிருக்கிறார். "நம்ம பிள்ளைதானே, பார்த்துச் செய்யம்மா" என்றதோடு சரி, காசைப் பற்றிப் பேச்சே இல்லை. எப்படிக் கேட்பது?

நேரடியாகக் கேளுங்கள் தங்கச்சி, அதுவும் வேலையைத் தொடங்குமுன் கேளுங்கள். தெரிந்தவர்களிடம் காசு கதைக்க நமக்கு வரும் கூச்சம் பொல்லாதது. ஆனால் அந்த அங்கிள் மேசனிடமும் கரண்ட் வேலை செய்பவரிடமும் கூலி பேசித்தான் கடையைக் கட்டுகிறார், உங்களிடம் பேசுவதும் அவருக்குப் புதிதில்லை. போனில் சொன்னால் மறந்துபோகும், எழுத்தில் அனுப்புங்கள். இப்படி: "அங்கிள், லோகோ ஒன்று, பெயர்ப்பலகை ஒன்று, திறப்புவிழாப் போஸ்டர் இரண்டு. மொத்தம் இவ்வளவு வரும். பாதி முற்பணம். இரண்டு தடவை திருத்தித் தருவேன், அதற்கு மேல் போனால் தனிக் கணக்கு. சரி என்றால் நாளைக்கே தொடங்குகிறேன்." இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. உறவுக்காகக் குறைத்துக் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் குறையுங்கள், ஆனால் பில்லில் முழு விலையையும் எழுதி அதற்குக் கீழே கழிவைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் கூட்டிவரும் அடுத்த ஆளும் அந்தக் குறைந்த விலையைத்தான் உங்கள் விலை என்று நினைப்பார், அதற்குப் பிறகு ஏற்றுவது பெரும்பாடு.

கொட்டாஞ்சேனை வாசகர்: ஒரு விளம்பர நிறுவனத்துக்கு வெளியில் இருந்து வேலை செய்கிறேன். இங்கிலீஷ் விளம்பரத்தை இரவு பத்து மணிக்கு அனுப்பி, "காலையில் தமிழிலும் போட்டுத் தந்துவிடுங்கோ" என்கிறார்கள். தமிழுக்குத் தனியாகக் காசு கேட்டால், எழுத்தை மாற்றுவதற்கு என்ன காசு என்கிறார்கள்.

தம்பி, இந்தக் கேள்வி எனக்கு மனதுக்கு மிக நெருக்கமானது. இந்த ஊரில் மும்மொழிப் பலகைகளில் தமிழ் மட்டும் பிழையாக நிற்பதைப் பார்த்து நொந்துகொள்கிறோம். தமிழ் வேலைக்கு என்று ஒரு விலையும் ஒரு நாளும் ஒதுக்காத வழக்கம் அதற்கு ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீங்கள் செய்வது நாலு வேலை: மொழிபெயர்ப்பு, தட்டச்சு, பிழை பார்த்தல், பக்கம் அமைத்தல். இங்கிலீஷில் ஒரு வரியில் அடங்கியது தமிழில் பெரும்பாலும் இரண்டு வரிக்குப் போகும், அப்போது படம், விலை, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். அப்புறம் எழுத்துரு. வாடிக்கையாளர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்புவார், நீங்கள் அதை யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்ற வேண்டும், மாற்றியதை மறுபடி எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். டிசைன் செய்யும் இலஸ்ட்ரேட்டர் மென்பொருளில், எழுத்துகளைக் கோர்க்கும் கம்போசர் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கானதைத் தெரிவு செய்யாமல் ஒட்டினால் "கொழும்பு" என்ற சொல்லிலேயே கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத ஒருவர் அதை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுவார். இதெல்லாம் தெரிந்த ஆள் என்பதால்தான் உங்களிடம் வருகிறார்கள். ஆகவே அடுத்த விலைக்கூறலில் இந்த நாலையும் நாலு வரியாகப் போடுங்கள், இரவு வேலைக்கு அவசரக் கட்டணம் என்று ஐந்தாவது வரியும் போடுங்கள். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் எழுத்தை அவுட்லைன், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவம், ஆக்கிவிடுங்கள், அவர்களின் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

தெகிவளை வாசகர்: வேலை முடித்துக் கொடுத்து மாதக்கணக்காகிறது. கேட்டால் "எக்கவுன்ட்ஸில் இருக்கு, அடுத்த கிழமை" என்கிறார்கள். இதற்குள் என் டிசைன் ஊரெல்லாம் ஒட்டப்பட்டுவிட்டது.

உங்களோடு கதைக்கும் மார்க்கெட்டிங்காரர் காசோலை எழுதுவதில்லை. இன்வொய்ஸில் கடைசித் தேதியைப் போட்டு, கணக்குப் பிரிவில் நேரே கொடுத்து, வாங்கியவரின் கையெழுத்தோடு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்களில் 30, 60 நாள் கடன் தவணை சாதாரணம், அதை வேலைக்குச் சம்மதிக்கும்போதே கேட்டுவிட வேண்டும். மூலக் கோப்பை முழுக் காசும் வரும்வரை கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, சம்பள ஊழியர் தன் வேலையின் பகுதியாக உருவாக்குவதன் பொருளாதார உரிமை, அதாவது அதைப் பயன்படுத்திக் காசு பார்க்கும் உரிமை, முதலாளிக்குப் போகிறது. உங்களைப் போல வெளியில் இருந்து செய்பவருக்கு, வேறு விதமாக எழுதிக் கொடுக்காதவரை, ஆக்கியவர்தான் முதல் உரிமையாளர். "முழுக் கொடுப்பனவுக்குப் பின்னரே உரிமை கைமாறும்" என்ற ஒரு வரி விலைக்கூறலில் இருந்தால், காசு கேட்கும்போது உங்கள் குரலும் தெளிவாக வரும்.

பம்பலப்பிட்டி வாசகி: வெளிநாட்டு வேலை எடுக்க ஆசை. இணையத்தில் காசு அனுப்பி வாங்கும் பேபால் இங்கே சரிவராது என்கிறார்களே?

பணம் பெறும் வசதியை பேபால் இலங்கைக் கணக்குகளுக்கு நீண்டகாலமாகத் தரவில்லை. அதனால்தான் இங்கே பலரும் பயோனியர் என்ற இன்னொரு இணையப் பணச் சேவை வழியாக எடுத்து உள்ளூர் வங்கிக் கணக்குக்கு மாற்றுகிறார்கள். விலை வைக்கும்போது கையில் வருவதைப் பாருங்கள்: வெளிநாட்டு வேலை பிடிக்கும் பைவர் இணையதளத்தில் 100 டொலர் வேலைக்கு 20 டொலர் அவர்கள் எடுப்பார்கள், மீதி 80 சாதாரணமாக 14 நாள் கழித்தே விடுபடும், அதற்குப் பிறகு மாற்றும் கட்டணம் வேறு. வரியையும் மறக்காதீர்கள். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விலக்கு உண்டு. அதற்கு மேல் போகும் வெளிநாட்டுச் சேவை வருமானம் வங்கி ஊடாக வந்தால் வரி 15 வீதத்தைத் தாண்டாது.

மருதானை வாசகர்: சம்பள வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் போட்டோ, டிசைன் என்று இறங்கலாமா? வீட்டில் அம்மா அழுகிறா.

அம்மாவின் பயத்தைத் தட்டிவிடாதீர்கள் தம்பி, அதில் கணக்கு இருக்கிறது. இப்போது உங்கள் சம்பளத்துக்கு மேல் முதலாளி 12 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்கும் 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் கட்டுகிறார், உங்கள் சம்பளத்திலிருந்தும் 8 வீதம் சேர்கிறது. வெளியே வந்தால் இவ்வளவையும் நீங்களே உழைத்து ஒதுக்க வேண்டும். கல்யாணப் போட்டோ என்றால் ஆடியிலும் மார்கழியிலும் கை காய்ந்துவிடும், அந்த மாதங்களுக்கான வாடகையை மற்ற மாதங்களில் எடுத்து வைக்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே, ஒவ்வொரு மாதமும் திரும்பி வருகிற வாடிக்கையாளர்கள் சிலராவது கிடைக்கிறார்களா என்று பாருங்கள், கிடைத்தால் துணிந்து இறங்குங்கள். வருமானம் முழுவதையும் ஒரே வங்கிக் கணக்கில் போடுங்கள், நவம்பர் 30க்குள் வரி விவரத்திரட்டையும் கொடுங்கள். நாளைக்குக் கெமரா வாங்கக் கடன் கேட்டோ விசாவுக்கோ போய் நிற்கும்போது, சம்பளச் சீட்டு இல்லாத ஆளிடம் கேட்கப்போவது அந்த இரண்டையும்தான்.