ஃபோர் வீல் டிரைவ் வண்டி: 11 லட்சம் கையில் இருந்தால் எவ்வளவுக்கு வாங்கலாம்?

கேள்வி: காரைக்குடியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள் இருவர் என வீட்டில் ஆறு பேர். வருஷத்தில் நாலைந்து தடவை மேகமலை, மன்னவனூர் என்று போகவும், மழைக்காலத்தில் தோப்புக்குப் போகவும் பழைய 4x4 (நாலு சக்கரமும் இழுக்கும்) வண்டி ஒன்று வாங்க நினைக்கிறேன். கையில் 5 லட்சம் இருக்கிறது, 6 லட்சம் கடன் வாங்கலாம். இரண்டு வண்டி பார்த்திருக்கிறேன். ஒன்று 2013 ஃபார்ச்சூனர் 4x4, 1.9 லட்சம் கி.மீ. ஓடியது, 11 லட்சம் சொல்கிறார்கள். இன்னொன்று 2017 ஸ்கார்பியோ 4x4, 62,000 கி.மீ., 9.5 லட்சம். நண்பர் மகிந்திரா தார் வாங்கச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் 11 லட்சத்துக்கு 9 லட்ச ரூபாய் வண்டிதான் கட்டும். மீதி 2 லட்சம் முதல் வருஷச் செலவுக்கு என்று தனியாகக் கிடக்க வேண்டும். பழைய 4x4 வாங்குகிறவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். முழுப் பணத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டு, மூன்றாவது மாதம் கிளட்ச் போனதும் கிரெடிட் கார்டைத் தேய்ப்பார்கள்.

தாரை முதலில் கழித்துவிடுவோம். 2020 அக்டோபரில் வந்த மூன்று கதவு மாடலுக்கு ஆர்.சி.யில் பெரும்பாலும் நாலு இருக்கைதான். நீங்கள் ஆறு பேர். முன்சீட்டை மடக்கி அம்மாவைப் பின்னால் ஏற்றுவது வேறு பெரும்பாடு. 2023-இலிருந்து பின்சக்கர இழுவை மட்டுமே உள்ள தாரும் விற்பனையில் இருப்பதால், தார் என்றாலே 4x4 என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஃபார்ச்சூனர் நல்ல வண்டிதான், உங்கள் கணக்குக்குத்தான் ஒத்துவராது. 2013 வண்டியின் பதிவு 2028-இல் முடியும். அதற்குப் பிறகு தகுதிச் சோதனை, புதுப்பிப்புக் கட்டணம் 5,000, பசுமை வரி எல்லாம் கட்டி ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்க வேண்டும். கடன் முடியும்போது வண்டி இத்தனை வயதைத் தாண்டக் கூடாது என்று பல வங்கிகள் சொல்வதால் கடன் கிடைப்பதும் கடினம், கிடைத்தாலும் வட்டி கூடுதல். அந்த 3.0 லிட்டர் எஞ்சினின் டைமிங் பெல்ட்டை 1.5 லட்சம் கி.மீ.க்குள் மாற்றியிருக்க வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கை விரித்தால் உங்கள் 2 லட்சத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். அதிலும் 11 லட்சம் விலை கொடுத்தபின் அந்த 2 லட்சமே உங்களிடம் இருக்காது.

ஆக, மிஞ்சுவது ஸ்கார்பியோ. ஆனால் அந்த 62,000 கி.மீ.யைப் பார்த்து மயங்க வேண்டாம். "செட்டியார் வீட்டு வண்டி, ஓடவே இல்லை" என்பது நம் பக்கத்துத் தரகர்களின் பல்லவி. பல சமயம் உண்மையாகவும் இருக்கும். சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வரும்போது மட்டும் வண்டி கொட்டகையை விட்டு வெளியே வரும். கானாடுகாத்தான் வீட்டுத் தேக்குத் தூணுக்கு நின்றால் மதிப்பு ஏறும். டீசல் வண்டிக்கு இறங்கும். டேங்க் அடியில் தண்ணீரும் கசடும் சேரும், ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும், வயரை எலி கடிக்கும். வருஷக்கணக்கில் 4x4-ஐப் போட்டே பார்க்காததால் டிரான்ஸ்ஃபர் கேஸில் (எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) நிலை மாற்றும் மோட்டார் இறுகியிருக்கும். டயரில் கட்டை தேயாமல் இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 1817 என்றால் 2017-ஆம் வருஷம் 18-ஆவது வாரம் செய்த டயர். அதில் மலை ஏறக் கூடாது. ஐந்தையும் ஒரே அளவில் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

4x4 வேலை செய்கிறதா என்பதைத் தார்ச்சாலையில் பார்க்காதீர்கள். இது தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரத்தை இணைக்கும் அமைப்பு. காய்ந்த தார்ச்சாலையில் போட்டுத் திருப்பினால் உள்ளே முறுக்கேறிப் பற்சக்கரம் பழுதாகும். வண்டியைக் கண்மாய்ப் பக்கம் மண்தரைக்குக் கொண்டுபோங்கள். 4H (நாலு சக்கர இழுவை, வழக்கமான வேகம்) போட்டு, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். வண்டி திணறி, பிடித்து இழுப்பதுபோல் இருந்தால் முன்சக்கரம் சேர்ந்திருக்கிறது. வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு திரும்பினால் சேரவில்லை. டாஷ்போர்டில் விளக்கு எரிந்தாலும் நம்பாதீர்கள். அடுத்து வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் கிளட்சை மிதித்து 4L (நாலு சக்கர இழுவை, மெதுவான வேகம், கூடுதல் விசை) போடுங்கள். விளக்கு சில நொடி கண்சிமிட்டி நிலைக்க வேண்டும். சிமிட்டிக்கொண்டே இருந்தால் மோட்டாரோ சென்சாரோ போயிருக்கிறது. நிலைத்தால், கரைச் சரிவில் முதல் கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஏற்றி, பிரேக்கைத் தொடாமல் இறக்கிப் பாருங்கள். இறங்கும்போது வண்டி ஓட்டமெடுக்கக் கூடாது.

பிறகு மெக்கானிக்கிடம் 1,500 ரூபாய் கொடுத்து வண்டியைத் தூக்கிப் பாருங்கள். முன், பின் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றின் ஆயில் ஊற்றும் பிளக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்த வண்டி. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரிவதும், சீட்டுக்கு அடியில் போல்ட் துருப்பிடித்திருப்பதும் வெள்ளத்தில் நின்றதற்கு அடையாளம். 2015-இலும் 2023-இலும் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. தொண்டி, ராமேஸ்வரம் பக்கம் ஓடிய வண்டியில் உப்புக்காற்று சேஸிஸைத் தின்றிருக்கும். அடியில் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால், எதை மறைக்க என்று கேளுங்கள். மூன்றாவது வரிசை சீட் பக்கவாட்டில் பார்த்தபடி இருந்தால் பிள்ளைகளை அதில் உட்கார வைக்க வேண்டாம்.

இனி கடன். பழைய வண்டிக்கு நிதி நிறுவனங்கள் "8 சதவீதம்தான்" என்பார்கள். ஃபிளாட்டா (கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி), குறையும் அசலுக்கா (மிச்சக் கடனுக்கு மட்டும் வட்டி) என்று கேளுங்கள். 6 லட்சத்துக்கு 8 சதவீத ஃபிளாட், நாலு வருஷம் என்றால் மாதத் தவணை 16,500, மொத்த வட்டி 1,92,000. குறையும் அசல் கணக்கில் இது 14 சதவீதத்துக்கு மேல். நம் ஊர்ப் பேச்சில், ரூபாய் இருபது பைசா வட்டி. வங்கியில் 13 சதவீதம் என்று பெரிதாகச் சொன்னாலும் தவணை சுமார் 16,100தான், மொத்தத்தில் 19,000 ரூபாய் மிச்சம். நகைக்கடன் இன்னும் மலிவாக இருக்கலாம். ஆனால் பல திட்டங்களில் வருஷ முடிவில் அசலை மொத்தமாகக் கட்ட வேண்டும். கட்ட முடியாமல் மாற்றி மாற்றி வைத்தால், வண்டி தேய்ந்த பிறகும் நகை வங்கியிலேயே இருக்கும். மாதாமாதம் அசலைக் குறைக்கும் கட்டுப்பாடு உங்களுக்கு இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

தவணையோடு டீசலையும் சேருங்கள். லிட்டருக்கு 10 கி.மீ., வருஷம் 10,000 கி.மீ. என்றால் ஆயிரம் லிட்டர், அதாவது 90,000 ரூபாய்க்கு மேல். இன்ஷூரன்ஸ், சர்வீஸுக்கு மாதம் 5,000 ஒதுக்கினால் மாதச் சுமை 29,000-ஐத் தொடும். கடையின் வரவு செலவுக் கணக்கில் இது எங்கிருந்து வரும் என்று ஒரு தடவை எழுதிப் பாருங்கள்; நாலு மலைப் பயணத்துக்கு மட்டும் என்றால் 4x4 தேவையே இல்லை. மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம். சாலையை விட்டு இறங்க முடியாது. கொழுக்குமலைக்கும் சூரியநெல்லியில் உள்ளூர் ஜீப்தான் ஏறும். தோப்புப் பாதை ஐப்பசி, கார்த்திகையில் நிஜமாகவே சேறாகிறது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் போயாக வேண்டும் என்றால்தான் 4x4-க்கு நியாயம்.

இன்ஷூரன்ஸ் பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) உங்களுக்கு வராது. எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் (கூடுதல் காப்பு) கேளுங்கள். அது இல்லாமல் ஓடையில் இறங்கி எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் க்ளெய்ம் நிற்காது. வண்டியின் உயரத்தைக் கூட்டுவது, பெரிய டயர் மாட்டுவது எல்லாம் ஆர்.சி.க்கு முரண். முன்பக்க புல் பார் (பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பு) 2017 டிசம்பரிலிருந்தே கூடாது. மாட்டியிருந்தால் விற்பவரையே கழற்றித் தரச் சொல்லுங்கள்.

அரசின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, கடன் பதிவும் அபராதமும் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வரும்வரை பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. டயரையும் 4x4 சோதனை முடிவையும் காட்டி விலையை 9 லட்சத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்பணம் 10,000 போதும். 4L வேலை செய்யவில்லை என்றால் திருப்பித் தருவதாக ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். விலையில் 25,000 ரூபாயை நிறுத்திவைத்து, ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிய அன்று கொடுங்கள்.