வெண்கோலோடு இன்னொரு கருவி: கேள்வி பதில்

கேள்வி: பார்வையற்ற என் மகள் கல்லூரியில் சேர்கிறாள். வெண்கோலுக்குப் பதிலாக மணிக்கட்டில் கட்டும் மீயொலிக் கருவி வாங்கித் தரலாமா?

பதில்: பதிலாக வேண்டாம் ஐயா, கூடவே வாங்கித் தாருங்கள். கருவி அனுப்பும் மீயொலி, அதாவது நம் காதுக்குக் கேட்காத ஒலி, தடையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், 3 மீட்டரில் நிற்கும் லாரியின் எதிரொலி 20 மில்லி நொடிக்குள் வந்துவிடும், மணிக்கட்டு அதிரும். ஆனால் முன்னோக்கிப் போகும் ஒலி, மூடியில்லாத சாக்கடையைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். தரையைச் சொல்ல வெண்கோலின் முனைதான் வேண்டும். லாரியிலிருந்து பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, தாழ்ந்த கிளை, தெருப்பக்கம் திறந்த ஜன்னல் கதவு ஆகியவை கோலுக்கு எட்டாது. அங்கேதான் கருவிக்கு வேலை.

கேள்வி: இரண்டும் சேர்ந்தே கிடைக்குமா?

பதில்: ஐஐடி டெல்லி உருவாக்கிய ஸ்மார்ட்கேன் அப்படிப்பட்டதுதான். 2014இல் வெளிவந்தது, தயாரித்தது சென்னை பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். கோலின் கைப்பிடியில் பொருத்துவது, உடலில் அணிவதல்ல. ஆனாலும் என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: கடைகளின் கண்ணாடிச் சுவரை உணருமா?

பதில்: நேராக நடந்தால் உணரும், ஒலிக்குக் கண்ணாடியும் சுவர்தான். சாய்வாக அணுகினால் எதிரொலி வேறு பக்கம் போய்விடலாம்.

கேள்வி: ஆர்கேம் போன்ற கேமரா அணிந்து சாலையைக் கடக்கலாமா?

பதில்: கூடாது. அது அச்செழுத்தைப் படிக்கும், முகத்தை அடையாளம் சொல்லும். பாய்ந்து வரும் பைக்கைப் பற்றி எச்சரிப்பது அதன் வேலையல்ல. கடக்கும்போது நம்பவேண்டியது காதை. அதை அடைக்கும் இயர்போனைக் கழற்றிவிடுங்கள். எலும்புவழி ஒலி கடத்தும் வகை பரவாயில்லை.

கேள்வி: ஜிபிஎஸ் வீட்டு வாசல்வரை கொண்டுவிடுமா?

பதில்: தெருவரை கொண்டுவிடும். செல்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வானத்தின் கீழேயே சுமார் 5 மீட்டர் பிசகலாம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இன்னும் கூடும். குறுகிய சாலையில் 5 மீட்டர் என்பது எதிர்ப்பக்கம்! ஜெர்மனியின் ஃபீல்ஸ்பேஸ் இடுப்புப் பட்டை, திரும்பவேண்டிய திசையை இடுப்பைச் சுற்றி அதிர்வாக உணர்த்துகிறது. பேசிக்கொண்டே வரும் செயலியைவிட இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. காது சாலைக்கே மிச்சமாகிறது.

கேள்வி: வாங்கும்போது எதைச் சோதிக்கவேண்டும்?

பதில்: உணரும் தூரத்தைக் குறைக்க முடிகிறதா என்று. ஸ்மார்ட்கேனில் வெளியிடத்துக்கு 3 மீட்டர், உள்ளிடத்துக்கு 1.8 மீட்டர் என இரு நிலைகள் உண்டு. அந்த வசதியில்லாத கருவி, நெரிசலான பஸ் நிலையத்தில் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். மகள் இரண்டாம் நாளே அதைப் பைக்குள் போட்டுவிடுவாள்.